நாற்பத்தோராயிரம் பேருக்கு ஒரே நாள் காய்ச்சல்

எங்கள் கல்வி இயக்குநர் அந்தப் பட்டியலை வழக்கம்போலக் கீழிருந்து மேலாகத்தான் படித்தார். தொண்ணூற்றிரண்டு நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, அவர்கள் வாங்கும் மதிப்பெண்ணை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல் அது. நாங்கள் எப்போதும் எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் எங்காவது கிடப்போம். இந்தமுறை எழுபது தாண்டியும் நம் பெயர் வரவில்லை. ஐம்பது தாண்டியும் வரவில்லை. இருபதுக்கு வந்தபோது அவருக்கு முகம் வெளிறிவிட்டது, பட்டியலிலிருந்தே நம்மைத் தூக்கிவிட்டார்கள் என்று. கடைசியில் முதல் வரியில் நாங்கள் இருந்தோம்.

அன்று மாடிக்கு மாடி கேக் வெட்டினார்கள். கேக் தீர்வதற்குள் வெற்றிக்குச் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். பாடநூல் பிரிவு, புத்தக அட்டையைத் தடிமனாக்கியதுதான் காரணம் என்றது. கட்டடப் பிரிவு, சுவர்களுக்கு மஞ்சள் வண்ணம் அடித்ததைச் சொன்னது. காலணி வழங்கும் பிரிவின் அதிகாரி, காலில் செருப்பு கடிக்காத பிள்ளைக்குத்தான் கணக்கு வரும் என்று நின்றார். ஆசிரியர் நியமனப் பிரிவு மட்டும் வாயே திறக்கவில்லை. அவர்களிடம் ஒன்பதாயிரம் இடங்கள் காலியாகக் கிடந்தன, பாவம்.

நான் புள்ளிவிவரப் பிரிவின் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மூன்றாம் மாடியில், சொட்டுகிற ஏசிக்கு நேர் கீழே, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்தில் என் மேசை. இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எதைச் சொன்னாலும் 'ஆகட்டும்' என்பார் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் 'ஆகட்டும் சார்' என்றே பெயர்.

"மூணு வாரத்துல வெளிநாட்டுக் குழு வருதுய்யா. நாலு பேர். நம்ம ரகசியம் என்னன்னு தெரிஞ்சுக்க வராங்களாம்."

"சொல்லிடலாமே சார்."

"என்னத்தச் சொல்றது? நமக்கே தெரியாதே! நீங்க கண்டுபிடிச்சு பத்து பக்கத்துல எழுதிக் குடுங்க."

"சார், நான் எண்ணிக்கைப் பிரிவு."

"அதான் சொல்றேன், எண்ணிப் பாருங்க. ஆகட்டும்."

எண்ணிப் பார்த்தேன். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியர் எத்தனை பேர், நூலகம் திறக்கிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று ஒவ்வொன்றையும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. கூரை ஒழுகும் பள்ளி முன்னால் இருந்தது, பளிங்குத் தரை போட்ட பள்ளி பின்னால் இருந்தது. ஒரே ஒரு கட்டம்தான் மதிப்பெண்ணோடு கைகோத்துக்கொண்டு நடந்தது. தேர்வன்று வராதவர்கள் என்ற கட்டம். எந்தப் பள்ளியில் அதிகம் பேர் வரவில்லையோ, அந்தப் பள்ளி அதிக மதிப்பெண் வாங்கியிருந்தது.

நாடு முழுக்க வராதவர்கள் நாற்பத்தோராயிரம் பேர். வராத ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட விடுப்புக் கடிதம் இருக்கவேண்டும் என்பது விதி. அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. என் வாளிக்கு இடமில்லாமல் போய்விட்டது.

முதல் மூட்டையைப் பிரித்தேன். 'எனக்குக் கடுமையான காய்ச்சல் காரணமாக இன்று பள்ளிக்கு வர இயலவில்லை.' அடுத்ததை எடுத்தேன். அதே காய்ச்சல், அதே வரி. ஒரு பள்ளியில் ஒன்பது பிள்ளைகளும் 'இயலவில்லை'யை ஒரே மாதிரித் தப்பாக எழுதியிருந்தார்கள். கரும்பலகையில் எழுதிப்போட்டவரே தப்பாக எழுதியிருக்க வேண்டும். பாதிக் கடிதங்களில் தேதி முந்தைய நாள். நாளைக்குக் காய்ச்சல் வரும் என்று இன்றைக்கே தெரிந்த பிள்ளைகள்! இன்னொரு பள்ளியில் ஆசிரியருக்குக் கை சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தி மதிப்பெண்ணும் போட்டிருந்தார். 'பத்துக்கு நான்கு. கையெழுத்தைச் சரிசெய்க.'

நான் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை. ஆய்வாளர் வருகிறார் என்றால் எங்கள் பள்ளிகளில் மூன்று காரியம் நடக்கும். முற்றத்தைப் பெருக்குவார்கள், கழிவறைப் பூட்டைத் திறப்பார்கள், சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை 'நாளைக்கு நீ வரவேண்டாம்' என்பார்கள். எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே நாளில், நாடு முழுக்க, மேலிடத்திலிருந்து ஒரு வரி உத்தரவு இல்லாமல், ஒரு பள்ளி விடாமல் நடத்திக் காட்டியிருந்தார்கள். நினைவூட்டல் கடிதம் போடாமல் எங்கள் துறை குறித்த நேரத்தில் செய்துமுடித்த ஒரே வேலை இதுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன், அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எட்டாவது மூட்டையில் சிரிப்பு நின்றுபோனது. வலப்பக்கம் சாய்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் படம் வரைவதுபோல நிதானமாக எழுதிய கடிதம் ஒன்று வந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். கீழே இருந்த கையெழுத்து அதைவிட நன்றாகத் தெரியும். என்னுடையது. அதற்கும் கீழே, அலுவலகக் கோப்புகளில் எழுதுவதுபோலவே 'பார்வையிடப்பட்டது' என்று எழுதித் தேதியும் போட்டிருந்தேன்.

உதவியாளர் "அடுத்தது படிங்க சார்" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கை மெதுவு. ஐந்து கேள்விக்கு மூன்றுதான் எழுதி முடிப்பாள், மூன்றும் சரியாக இருக்கும். நிலவரைபடம் வரையும் படிப்பில் சேரவேண்டும் என்று ஆறாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பேருந்து வழித்தடங்களையெல்லாம் சுவர் நாட்காட்டியின் பின்பக்கத்தில் வரைந்து வைத்திருக்கிறாள். அந்தப் படிப்பில் சேரப் பத்தாவது சான்றிதழ் வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் கடிதத்தை வைத்தேன். மனைவி மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. கடிதத்தைப் படித்தாள், தேதியைப் பார்த்தாள்.

"காய்ச்சலா? யாருக்கு? அந்த வாரம் முழுக்க நம்ம கடையில பத்து காய்ச்சல் மாத்திர கூட போகல. என்னங்க இது?"

"நாடு பூரா நாற்பத்தோராயிரம் பேருக்கு."

"காதுல பூ சுத்துறீங்களா? கீழ உங்க கையெழுத்து இருக்கு!"

நான் மகளைப் பார்த்தேன். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீட்டினேன்ப்பா. நீங்க போன்ல பேசிட்டே போட்டுட்டீங்க."

"படிக்கலம்மா."

"தெரியும்."

"அன்னைக்கு எங்கதான் இருந்த நீ?"

"பஸ் ஸ்டாண்ட் மாடியில. நாங்க எட்டு பேர். அங்க ஃபேன் இருக்கு. யூனிஃபார்ம்ல சுத்தக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க, அதான் வெளியவே வரல. இப்ப எங்கள எல்லாரும் காய்ச்சல் கோஷ்டின்னுதான் கூப்புடுறாங்க." கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். "மிஸ் மேல கோபப்படாதீங்க. சொல்லும்போது எங்க மூஞ்சியப் பாக்கவே இல்ல அவங்க. ஜன்னலப் பாத்துட்டே சொன்னாங்க."

"உனக்கு அந்தப் பரீட்சை எழுதணும்னு இல்லையா?"

"பக்கத்து சீட்டுக்காரிகிட்ட கேள்விய வாங்கி வீட்டுல போட்டுப் பாத்தேன். முப்பதுக்கு இருபத்தாறு சரி. எல்லாம் வந்துச்சுப்பா. மெதுவா வந்துச்சு."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் அறிக்கையை எழுதினேன். பத்துப் பக்கம் வேண்டியிருக்கவில்லை, ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. வெற்றிக்குக் காரணம் அட்டையும் அல்ல, மஞ்சள் வண்ணமும் அல்ல, நாற்பத்தோராயிரம் பிள்ளைகளை வீட்டில் உட்காரவைத்ததுதான் என்று நேராக எழுதி, இயக்குநர் மேசையில் வைத்தேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இத யாரெல்லாம் படிச்சாங்க?"

"உங்ககிட்ட மட்டும்தான் சார் குடுத்திருக்கேன்."

"அப்ப யாரும் படிக்கல." தாளைக் கவிழ்த்து வைத்தார். "என்னய்யா நீங்க, எதையும் தப்பாவே பாக்குறீங்க. காய்ச்சல் வந்த பிள்ளைக்கு லீவு குடுத்திருக்கோம். நாற்பத்தோராயிரம் பேருக்கு. இது கருணை இல்லையா?"

"காய்ச்சலே வரல சார்."

"உங்க கையில கடிதம் இருக்கா இல்லையா? பெத்தவங்க கையெழுத்து இருக்கா இல்லையா?"

எட்டாவது மூட்டையிலிருந்த என் கையெழுத்தும் அதில் ஒன்று. எந்த வாயைக் கொண்டு இல்லை என்பது?

வெளிநாட்டுக் குழு வந்தது. மஞ்சள் சுவர்களைத் தொட்டுப் பார்த்தார்கள், அட்டையை வளைத்துப் பார்த்தார்கள். அப்புறம் 'ஆகட்டும் சார்' கருணையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். குழுவின் தலைவி நரைத்த தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பெடுத்தார். தங்கள் நாட்டில் காய்ச்சலோடேயே பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள், வெட்கமாக இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். நான் ஓரமாக நின்று மைக் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போய் எழுதிய அறிக்கையில் எங்கள் வெற்றிக்கு முதல் காரணம், ஓய்வு.

வெளிநாட்டுக்காரர்களே சொல்லிவிட்ட பிறகு அமைச்சர் சும்மா இருப்பாரா? அதைத் திட்டமாக்கினார். 'இல்லத்தில் ஓய்வு' திட்டம் என்று பெயர். போன தேர்வன்று காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மறுபடியும் காய்ச்சல் வரக்கூடும் அல்லவா? அதனால் அவர்களைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டு, பாடங்களைத் தபாலில் வீட்டுக்கே அனுப்புவது. பத்தாவது தேர்வுக்கு அவர்கள் உட்காரலாமா என்பதைப் பிறகு ஒரு குழு அமைத்து முடிவு செய்வது. ஆணையை எழுதும் வேலை, விஷயம் தெரிந்தவன் என்று என் தலையில் விடிந்தது.

"நான் எழுத மாட்டேன் சார்," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீங்க எழுதலன்னா கீழ் மாடிக்காரர் எழுதுவாரு. அவரு எழுதினா ஒரு பிள்ளைகூடத் தப்பாதுன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே யோசித்தேன். என் மகளின் பெயர் அந்த நாற்பத்தோராயிரத்தில் இருந்தது. உள்ளே இருந்து எழுதினால் ஒரு கதவையாவது திறந்துவைக்கலாம்.

"அப்ப ஒண்ணு சார். பெத்தவங்க சம்மதம் இல்லாம ஒரு பிள்ளையக் கூட எடுக்கக் கூடாது. எழுத்துல கேக்கணும்."

"அமைச்சர் ஒத்துக்கணுமே."

"இது இல்லன்னா என் கைப்பட ஒரு வரி வராது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல்தடவை. "ஆகட்டும்," என்றார்.

அன்று நான் ஆணையை எழுதியபோது உள்ளுக்குள் ஓர் எக்களிப்பு. பெற்றோருக்குப் படிவம் போகும், படிவத்தில் 'சம்மதம்', 'மறுப்பு' என்று இரண்டு கட்டம் இருக்கும், எந்தப் பெற்றவரும் மறுக்கலாம். வரி வரியாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எழுதினேன். கடைசிப் பத்தியை மட்டும் பார்த்து எழுதவில்லை. எங்கள் பிரிவிலிருந்து போகும் எல்லாக் கடிதங்களும் ஒரே மாதிரித்தான் முடியும். 'ஏழு நாட்களுக்குள் பதில் வரப்பெறாவிடில் சம்மதம் எனக் கருதப்படும்.' மற்றவர்கள் 'இப்படிக்கு' போடுவதுபோல என் கை அதைத் தானாகப் போட்டுவிட்டது. தட்டச்சாகி வந்தது, கையெழுத்திட்டேன், போய்விட்டது.

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. படிவம் வரட்டும், மறுப்பு என்று போட்டுக் கொடுத்துவிட்டால் முடிந்தது கதை. திட்டத்தை எழுதியதே அப்பாதான் என்று பெண் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை.

படிவம் வரவில்லை. ஒரு வாரம் போனது, இன்னும் சில நாள் போனது. துறை அதிகாரி வீட்டுக்கு அனுப்பத் தலைமையாசிரியைக்கு மனம் வரவில்லை என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. "சார், ஒருநடை வந்து பொண்ண அழைச்சுட்டுப் போயிடுங்க. சாமான் எல்லாம் எடுத்து வெச்சிருக்கா."

ஆட்டோ பிடித்து ஓடினேன். தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் மகள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டி நேராக உள்ளே போனேன். மேசையில் ஒன்பதாம் வகுப்புப் பதிவேடு திறந்திருந்தது. ஆறு பெயர்களின் மேல் சிவப்புக் கோடு. மூன்றாவது கோடு என் மகளுக்கு.

"யாரக் கேட்டு அடிச்சீங்க மேடம்? சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாதுன்னு ஆணையில இருக்கு!"

"இருக்கு சார். நல்லாவே படிச்சேன்." அவர் குரலில் குத்தல் இல்லை, களைப்புதான் இருந்தது. "எட்டு பேர்ல அஞ்சு வீட்டுல சம்மதம்னு வந்துச்சு. ரெண்டு வீட்டுல மறுப்புன்னு எழுதி அனுப்பிட்டாங்க. அந்த ரெண்டு பேரும் வகுப்புல இருக்காங்க, போய்ப் பாருங்க. உங்க வீட்டுலேர்ந்து பதிலே வரல. நானும் பத்து நாள் பாத்தேன். ஏழு நாள்ல வரலன்னா சம்மதம்னு கடைசிப் பத்தியில இருக்கே."

"படிவமே எங்களுக்கு வரலையே!"

"குடுத்தோமே சார். வாங்கினதுக்கு உங்க பொண்ணு கையெழுத்து போட்டிருக்கா."

இன்னொரு தாளை என் பக்கம் திருப்பினார். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. நான் வெளியே வந்தேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எதுவும் கேட்பதற்குள் பையைத் திறந்து, கணக்குப் புத்தகத்துக்குள்ளிருந்து நாலாக மடித்த படிவத்தை எடுத்து நீட்டினாள். இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன.

"ஏம்மா, இத ஏன் என்கிட்ட காட்டல? மறுப்புன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தா நீ உள்ள இருந்திருப்பியேடா!"

"எனக்கு ஸ்கூல விட்டுப் போக வேணாம்ப்பா. அதான் ஒளிச்சு வெச்சேன்."

"அதுக்குத்தானே என்கிட்ட குடுத்திருக்கணும்?"

"குடுத்திருந்தா நீங்க கையெழுத்துப் போட்டுடுவீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. உள்ளே வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது. மகள் அது எந்தப் பக்கம் என்று தன் புத்தகத்தைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.